வெள்ளிக்கிழமை மழையும் காளியாயியின் களமும்

12.1.2023 – அறிமுகக் கூட்டம், பொன்னாடை, சிற்றுண்டி: ரூ. 48,600
8.8.2023 – தானியங்கி வானிலை நிலையம் ஒன்று: ரூ. 6,85,000
9.8.2023 – கம்பி வேலி, பூட்டு, பெயர்ப்பலகை: ரூ. 41,250
15.2.2024 – சென்னையில் கருத்தரங்கு: ரூ. 11,20,000
காளியாயிக்கு இட வாடகை: இல்லை

கூட்டினால் பதினெட்டு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்கிய தொகைகள் இவை. கடைசி வரி மட்டும் நான் சேர்த்தது.

காளியாயி சேர்வராயன் மலையில் செம்மநத்தத்தில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். வயது ஐம்பத்தெட்டு. ஒரு ஏக்கர் நாற்பது சென்ட் காபி, அதில் மிளகுக்கொடி ஏறிய சவுக்கு மரங்கள், இரண்டு மாடு. கணவர் சித்தன் 1997இல் இறந்தார். அந்த வருடம் காய வைக்க இடமில்லாமல் காளியாயி காபிப் பழத்தைப் பறித்த கையோடு வியாபாரிக்குப் பச்சையாகவே கொடுத்தார். பச்சைப் பழம் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. அது வியாபாரிக்கும் தெரியும். அவர் சொன்னதுதான் விலை.

மறு வருடம் வீட்டுக்குப் பின்னால் சரிவை வெட்டி, நாற்பதடிக்கு முப்பதடியில் ஒரு களம் போட்டார். புற்றுமண்ணைத் தலைச்சுமையாகச் சுமந்து, கட்டையால் அடித்து இறுக்கி, மேலே சாணி வழித்து மெழுகிய களம். அதன்பின் இருபத்தைந்து வருடம் ஒரு கிலோ பழம்கூடப் பச்சையாக அவர் வீட்டை விட்டுப் போனதில்லை. காய்ந்ததை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு, விலை ஏறும்வரை அவர் காத்திருந்தார், வியாபாரியும் காத்திருந்தார்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம்மூர்ப் பொறியாளர்கள் ஒன்பது பேர், மாநில அரசின் துறை ஒன்றோடு ஒப்பந்தம் போட்டுச் சேர்வராயன் மலைக்குத் தொழில்நுட்பம் கொண்டுவந்தார்கள். அறிவு அவர்களுடையது, முத்திரை அரசுடையது, இடம் காளியாயியுடையது. மழையையும் மண்ணின் ஈரத்தையும் கருவி அளக்கும். எப்போது தண்ணீர் விட வேண்டும் என்று 412 விவசாயிகளுக்குக் கைபேசியில் செய்தி போகும். தலைவர் யுவராஜ், சேலத்தில் பிறந்து அமெரிக்காவில் இருபத்திரண்டு வருடம் இருப்பவர். கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்தால் எதையாவது சொல்லிப் புரியவைத்திருக்கலாம்.

சமதளம், மரநிழல் இல்லாதது, சிக்னல் கிடைப்பது: மூன்றும் சேர்ந்த இடம் செயற்கைக்கோள் படத்தில் இந்தக் களம் ஒன்றுதான் தெரிந்ததாம். படம் எடுத்தது ஜூலையில். ஜூலையில் களத்தில் என்ன இருக்கும்? "தரிசு" என்று பதிந்துகொண்டார்கள்.

"ஏனுங்க கண்ணு, இது களமுங்க. கார்த்திகை பொறந்தா பழம் கொட்டோணும்" என்றார் காளியாயி.

"ரெண்டே வருஷம்தாம்மா. உங்க பேரு உலகம் பூரா தெரியும்" என்றார் யுவராஜ்.

"பேரு தெரிஞ்சு என்னுங்க பண்றது, பழம் காயோணுமில்ல?"

வந்தவர்கள் ரசித்துச் சிரித்தார்கள். ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார். துறையின் உதவிப் பொறியாளர் சிவக்குமார் ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, "நீங்கதான் நிலையக் காப்பாளர்" என்று ஒரு தொப்பியும் வேலிச் சாவியும் கொடுத்தார். களத்தின் நடுவில் கருவிக் கம்பமும், அதைச் சுற்றி முப்பத்தாறடிக்கு இருபத்தாறடியில் வேலியும் வந்தன. மிச்சமிருந்த விளிம்பில் கோழிதான் நடக்கலாம்.

சாவி கையில் இருந்ததால் காளியாயி கார்த்திகையில் பூட்டைத் திறந்து, கம்பத்தைச் சுற்றிப் பழத்தைக் கொட்டினார். களம் வெடிக்காமல் இருக்க வாரம் ஒருமுறை பழத்தை ஒதுக்கிச் சாணி கரைத்து வழிக்க வேண்டும். அவர் வழிப்பது வெள்ளிக்கிழமை. அடித்து இறுக்கிய மண்ணில் ஒரு சொட்டும் உள்ளே இறங்காது. ஈரம் பார்க்கும் கருவியைப் புதைக்க அவர்கள் தோண்டி மூடிய குழியில் மட்டும் நன்றாக இறங்கும்.

2024 பிப்ரவரியில் சென்னைக் கருத்தரங்கில் யுவராஜ் ஒரு வரைபடம் காட்டினார். சேர்வராயன் மலையில் இதுவரை யாரும் கவனிக்காத குளிர்கால ஈரச் சுழற்சி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. ஏழு நாளுக்கு ஒருமுறை வருகிறது. கைதட்டினார்கள். ஏழு நாளுக்கு ஒருமுறை வருவது வாரச் சந்தை என்பது அந்த அரங்கில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து நாற்பத்தோரு வருடம் காலை எட்டு மணிக்கு மழை அளந்தவன். ஓய்வு பெற்றபின் பக்கத்து மஞ்சக்குட்டையில் என் வீட்டிலும் அளக்கிறேன். 24.11.2023 முதல் 2.2.2024 வரை பதினொரு வெள்ளிக்கிழமை. ஒன்பதில் சுழி, இரண்டில் தூறல். இதை நகலெடுத்துத் துறைக்கு அனுப்பினேன். பதில் இல்லை.

ஜூன் 12ஆம் தேதி யுவராஜ் நேரில் வந்தார்.

"அம்மா, மத்த இடத்துல எல்லாம் காஞ்சு கெடந்திருக்கு. உங்க களத்து மண்ணு மட்டும் வெள்ளிக்கிழமை நனைஞ்சிருக்கே, மழையா?"

"மழை எங்க கண்ணு பெஞ்சுது? நாஞ் சாணி வழிச்சேன்."

"என்னது?"

"சாணி, சாமி. மாட்டுச் சாணி."

வேலிக்கு வெளியே நின்ற பக்கத்துக் காட்டு மாரியப்பன் கேட்டார்: "ஏனுங்க சார், அமெரிக்காவுல மாடு சாணி போடாதுங்களா?"

பிறகு நடந்தது இதுதான்: வரைபடம் திருத்தப்படவில்லை, பூட்டு மாற்றப்பட்டது.

"மேலிடத்து உத்தரவுங்க. தரவு கெட்டுப்போகுதாம்" என்றார் சிவக்குமார்.

"அப்பப் பழத்தக் கொண்டாந்து உங்க ஆபீசுல கொட்டட்டுங்களா?"

காளியாயிக்காக நான் எழுதிய மனுக்கள் நாலு: ஜூலை 1, ஆகஸ்ட் 19, அக்டோபர் 7, நவம்பர் 11. முதலாவது மேல்நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது. இரண்டாவதற்கு ஒன்பது பேரின் கருத்து கேட்கப்பட்டது. மூன்றாவதற்கு அமெரிக்காவிலிருந்து, "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று வந்தது. நாலாவது போன இடம் தெரியவில்லை.

டிசம்பர் 4இல் முதல் பறிப்பு. ஆறு மூட்டை பழம். மறுநாள் காலையிலேயே சாக்கிலிருந்து புளித்த வாடை வந்தது. வியாபாரியின் ஜீப் வாசலில் வந்து நின்றது. மோப்பம் பிடித்து வருவதில் அந்த ஜீப்புக்கு எந்தக் கருவியும் நிகரில்லை.

"பச்சையாவே குடுத்துருங்கக்கா. நாளைக்கு நாறிப் போயிரும். ஒரு வெலை போட்டுத் தர்றேன்."

இருபத்தைந்து வருடம் கேட்காத குரல். காளியாயி விலை என்ன என்று கேட்கவில்லை. உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்துவந்தார்.

வேலிக்கால் பன்னிரண்டு, கம்பம் ஒன்று, சூரியத் தகடு ஒன்று, போல்ட் இருபத்தெட்டு. ஒன்றும் உடையவில்லை. எல்லாவற்றையும் மாட்டுக்கொட்டகையில் சுவரோரம் அடுக்கினார். நான் பட்டியல் எழுதி, பதிவுத் தபாலில் துறைக்கு அனுப்பினேன்.

மூன்றாம் நாள் சிவக்குமார் வந்தார். "அரசாங்கச் சொத்துங்க. கேஸ் ஆயிரும்" என்றார்.

"ஆகட்டுங்க. மொதல்ல பழத்த மிதிக்காம அந்தப் பக்கமா வாங்க."

அவர் சுற்றி வந்தார். கொட்டகையை எட்டிப் பார்த்து ஒரு புகைப்படம் எடுத்தார். ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுப் போனார். கேஸ் எதுவும் வரவில்லை.

பிப்ரவரி கடைசியில் பதினாலு மூட்டை காய்ந்த காபி, காளியாயி சொன்ன விலைக்குப் போயிற்று. அதற்குப் பிறகு துறையிலிருந்து வந்தது ஒரே கடிதம். திட்டம் வெற்றிகரமாக நிறைவடைந்தது, நிலையம் மேற்படி களத்தில் சீராக இயங்கி வருகிறது, மனுதாரரின் சிரமத்தைக் கருத்தில் கொண்டு வேலியை ஆறடி உள்ளே தள்ளி அமைப்பது பரிசீலிக்கப்படும் என்று அதில் இருந்தது. அது வந்து சேர்ந்த நாள் 11.3.2025, செவ்வாய்க்கிழமை.