பறக்கும் வீரருக்கு வேண்டியவர்

ஆவடி போகும் மின்சார ரயிலில் அவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். தொழிற்சாலைச் சட்டை, முன்வழுக்கை, மடியில் ஒரு படக்கதைப் புத்தகம். ஒவ்வொரு பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பும் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார். மகளுக்கு எடுத்துப்போன முறுக்கில் ஒன்றை நீட்டினேன். நல்ல வெண்ணெய் முறுக்கு, வாயில் போட்டால் கரையும். புத்தகத்தில் எண்ணெய் பட்டுவிடும் என்று வேண்டாம் என்றுவிட்டார்.

எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் படம் பார்க்கக் கொள்ளை ஆசை. எட்டிப் பார்த்தேன். பச்சை அங்கி போட்ட வீரர் ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். இவரோ வாய்க்குள் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"யாரை நைனா திட்டிகினு கீறே?"

"கதை எழுதுறவனை, ஆயா. புதுசா வந்துகீறான். வானத்துல பறக்கிறவரை ஊட்டுல குந்தவச்சி அழவுடுறான்."

"ஏன், பறக்கிறவனுக்கு அழுகை வராதா?"

"வரும். ஆனா இவரு அப்படி ஒடஞ்சி போற ஆளில்ல ஆயா. சின்ன வயசுலேர்ந்து எனக்குத் தெரியும்."

கூடப்பிறந்த அண்ணனைச் சொல்வதுபோல் சொன்னார்.

"புடிக்கலன்னா வாங்காம வுட்டுடேன்."

"இந்த மாசத்தோட வுட்டுடலாம்னுதான் பாத்தேன்." கைக்குட்டையில் மறுபடியும் விரலைத் துடைத்துக்கொண்டார். "எழுதுறவன் நாளைக்கே போயிடுவான் ஆயா. இவரு எங்க போவாரு? கெட்ட நேரத்துல வுட்டுட்டு வர்றது நியாயமா, சொல்லு?"

ஆவடியில் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்தில் இறங்கிப் போனார். தனக்கு இப்படி ஒருவர் ஆவடியில் இருப்பது அந்தப் பச்சை அங்கிக்காரருக்குத் தெரியுமா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.