முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள்

அந்த மனநல மருத்துவர் என் முகத்தைப் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் பழைய மருந்துச் சீட்டைத்தான்.

தூக்கம் கெட்டு, யாரோ என்னைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது போலக் காதில் விழத் தொடங்கியபோது, பீளமேட்டில் அவருடைய கிளினிக்குக்குப் போனேன். முதல் மாத்திரையில் அந்தப் பேச்சு அடங்கியது. அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். கூடவே கை நடுங்க ஆரம்பித்தது. நான் லேத்தில் பம்பு ஷாஃப்ட் கடைகிறவன். முதலாளி என்னை பேக்கிங்கில் உட்கார வைத்தார்.

"கை சரியாகட்டுங்க, அப்பறம் மெஷின் பக்கம் வாங்க" என்றார்.

இதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆனால் அங்கே ஒரு வழக்கம். ஒருவர் நாற்காலியில் இருக்கும்போதே அடுத்தவரை உள்ளே விட்டு, முதுகுக்குப் பின்னால் நிறுத்திவிடுவார்கள். டாக்டரின் நேரம் அவ்வளவு உசத்தி. நம் மானம் அவ்வளவு மலிவு.

"எப்படி இருக்கு?"

"பரவாயில்லீங்க. கைதான் கொஞ்சம்..."

அதற்குள் பேனா ஓடிவிட்டது. நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை. அது வாயை உலர்த்தி, மலத்தைக் கட்டியது. அதற்கும் ஒன்று. எதையும் எடுக்கத் தெரியாத, சேர்க்க மட்டுமே தெரிந்த படிப்பு.

ஒருநாள் பின்னால் நின்றது நான். நாற்காலியில் அன்னூர்க்கார அம்மா ஒருவர். பையைக் கவிழ்த்து மாத்திரைகளை மேஜையில் கொட்டினார்.

"ஏனுங்க டாக்டர், இதுல எது எதுக்குங்க?"

"எல்லாம் நரம்புக்குத்தாம்மா."

"எந்த நரம்புக்குங்க? நான் வாரப்ப ஒரு நோவுதானுங்க இருந்துச்சு."

டாக்டர் தலையை நிமிர்த்தினார். பார்த்தது அந்த அம்மாவை அல்ல, கடிகாரத்தை. "நெக்ஸ்ட்" என்றார்.

நெக்ஸ்ட் நான்தான். உட்காராமல் வெளியே வந்துவிட்டேன்.

கையிலிருந்த மாத்திரை தீர்வதற்குள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த இளம் டாக்டரம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். இரண்டு கையையும் நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"இந்த மூணாவது மாத்திரை எதுக்குங்கண்ணா?"

"ரெண்டாவதுக்குங்க."

"ரெண்டாவது?"

"மொதலாவதுக்குங்க."

சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது.

"மொதலாவதைக் கொஞ்சங் கொஞ்சமாக் குறைச்சுப் பாக்கலாம். நீங்களா நிறுத்திப்போடாதீங்க. அந்தப் பேச்சு மறுபடி கேட்டா அன்னைக்கே வாங்க."

மாதங்கள் ஆயின. மற்ற இரண்டு மாத்திரைகளும் நின்றன. நடுக்கம் போனது. பேச்சு திரும்பவில்லை. நான் கடைந்த ஷாஃப்ட்டை முதலாளி அளந்து பார்த்தார். அடுத்ததை எடுத்துக் கொடுத்தார்.

வேலைக்குப் போகிற வழியில்தான் அந்தக் கிளினிக். போர்டில் பெயருக்குப் பின்னால் இப்போது இன்னொரு பட்டம் சேர்ந்திருக்கிறது. அவருக்குச் சேர்க்கத்தானே தெரியும்.