முருகன் அனுப்பிவைத்த மனு

அதிகாரமில்லாத அலுவலகத்துக்கு ஒரு மனு வந்துசேர்ந்தால், அந்தக் கந்தோரே அதைத் தாமதமின்றி உரிய இடத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். சுவிஸ் நிர்வாகச் சட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த விதி இது. இதைச் சொல்லியே ஓய்வுபெறும்வரை பல அதிகாரிகளுக்கு எரிச்சலூட்டினேன். விதி முருகனையும் கட்டுப்படுத்தும் என்று எனக்குக் காட்டியவர் என் அக்காவின் கணவர், அத்தான்.

அத்தான் என்றால், சுவிஸ் முருகன் கோயிலின் தேர் நாளன்று கொதிக்கும் தார்த் தரையில் ஈர வேட்டியோடு கோயிலைச் சுற்றிப் பிரதட்டை உருளும் அத்தான்தான் நினைவுக்கு வருகிறார். ஊர் அவரைப் பக்திமான் என்றது. காரணத்தை அக்கா போன வருடம்தான் சொன்னாள். பாசல் நகரில் ஒரு மருந்துக் கிடங்கில், குளிரறைக் கதவைப் பூட்டாமல் போனவர் அத்தான். மருந்தெல்லாம் பழுதானது. வேலை போனதோ கூட வேலை செய்த கூட்டாளிக்கு. அத்தான் வாய் திறக்கவில்லை. கூட்டாளியும் வழக்குப் போடவில்லை. "முருகன் பாத்துக்கொண்டுதான் இருக்கிறான்" என்று மட்டும் சொல்லிவிட்டு லோசானுக்குக் குடிபெயர்ந்தார். அந்தச் சொல்தான் அத்தானை வருடாவருடம் உருட்டியது.

"அத்தான், மனுவைப் பிழையான கந்தோரிலை குடுத்திட்டியள்," என்றேன்.

"மச்சாள், உம்மடை வேலையைப் பாரும். முருகனுக்கு எல்லாம் தெரியும்."

"முருகனுக்குத் தெரியும். அந்த மனுசனுக்கெல்லோ தெரியாது!"

அடுத்த தேர் வந்தது. உருளுபவர்களுக்குச் சுடாமலிருக்க முன்னால் குழாயால் தண்ணீர் அடிப்பார்கள். அன்று குழாயைப் பிடித்திருந்தவர், லோசானிலிருந்து வந்திருந்த அதே கூட்டாளி! அத்தான் புரண்டார், கண் திறந்தார், அப்படியே கிடந்தார்.

"கதவைப் பூட்டாமல் விட்டது நானடா! நான்தான்!"

தவில்காரரின் கை நின்றது. பின்னால் உருண்டு வந்தவர், "அண்ணை, கதையைப் பிறகு வைச்சுக்கொள்ளுங்கோ, கீழை சுடுது" என்றார். கூட்டாளி அத்தான்மேல் ஒருமுறை தண்ணீர் அடித்தார். குழாயை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மனு போய்ச் சேர்ந்துவிட்டது! தாமதத்தைப் பற்றி முருகனிடம் விளக்கம் கேட்க எனக்குத் துணிவில்லை.

திங்கட்கிழமை அத்தான், தான் இன்னும் வேலை செய்யும் அதே கிடங்கின் மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். வேலை போகலாம் என்று எச்சரித்தேன். "போகட்டும், அவனுக்குப் போகேல்லையோ?" என்றார். பிறகு கூட்டாளியின் கைபேசியில், "மன்னிப்புக் கேக்க வரட்டோ?" என்று குரல் பதிந்துவைத்தார். பதில் இல்லை. இலை உதிர்ந்தது, பனி விழுந்தது. "வராட்டிலும் அது நியாயம்தான் மச்சாள்" என்றார் அத்தான். அவர் அப்படிப் பேசி நான் முன்பு கேட்டதில்லை.

ஒருநாள் காலை, தார்க்கறை போகாத அதே வேட்டியை உடுத்துக் கோயிலுக்குப் புறப்பட்டு நின்றவரின் கைபேசி அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டார்; கூட்டாளியின் குரல்.

"நீ வராதை. நான் றெயினிலை வாறன். மரக்கறிச் சோறு காய்ச்சச் சொல்லு."

அன்று தைப்பூசம்.