தேங்காய் தொட்ட கோல்கீப்பர்

அன்று கோல்கீப்பர் தேர்வுக்கு வந்திருந்தவர்கள் செல்வம் அண்ணன், பீமல், நான், எங்கள் டீமின் மற்ற பையன்கள், யாரும் கூப்பிடாத இரண்டு ஆடுகள். வராதவன் பழைய கோல்கீப்பர் ஒருவன்தான். அவன் அப்பாவுக்கு மாற்றலாகி, குடும்பத்தோடு எங்கள் தீவை விட்டு மெயின்லேண்ட் போய்விட்டான்.

இந்த ஞாபகம் இப்போது ஏன் என்கிறீர்களா? போன ஞாயிறு பக்கத்து டாலிகஞ்ச் மைதானத்தில் சின்னப் பையன்களை ஆரஞ்சுக் கூம்புகளுக்கு நடுவே ஓடவிட்டு, போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோல்கீப்பர் தேர்வாம். புது பிளாஸ்டிக் வாடை அடித்தது. எனக்கோ ஈரத் தேங்காய் மட்டை மணத்தது.

புரோத்ராபூரில் எங்களுக்குக் கூம்பு ஏது? செல்வம் அண்ணன் தேங்காய் வைத்தார். அவர் கான்ட்ராக்டரிடம் லாரி ஓட்டியவர். லாரி இருந்ததால் அவரையே கோச்சாக வைத்துக்கொண்டோம். எதிரே வரிசையாக மூன்று தேங்காய். ஓடிப்போய் வலது தேங்காயைத் தொட வேண்டும். பிறகு இடது, கடைசியில் நடு. அப்புறம் முகத்தைத் திருப்பாமல் பின்னோக்கியே ஓடி, புறப்பட்ட இடத்துக்கு வர வேண்டும். யார் சடார் சடாரென்று திரும்புகிறானோ அவன் கோல்கீப்பர்.

போட்டி எனக்கும் பீமலுக்கும். டோர்னமென்டில் ஜெயிக்கிற டீமைக் கப்பலில் கார் நிகோபார் அனுப்புவதாகப் பேச்சு. தீவிலேயே பிறந்தும் நான் கப்பலில் கால் வைத்ததில்லை. சிரிக்காதீர்கள், கடலைப் பார்க்கத்தான் காசு வேண்டாம்.

எங்கள் வீட்டில் முதலில் புத்தகம் பிடித்தவன் நான். மனப்பாடம் செய்தால் எதிலும் பாஸ் என்று நம்பியவன். வாய்ப்பாடு போல "வலது, இடது, நடு, பின்னால்" என்று முணுமுணுத்தபடி கோழிக்கூண்டைச் சுற்றி ஓடினேன். "ஏன்டா, பேய் கீய் அடிச்சிருச்சா?" என்றாள் அம்மா.

தேர்வில் பீமல் ஓடும்போது ஒரு தேங்காய் சரிவில் உருண்டது. அவன் வரிசையை மறந்து அதன்மேல் பாய்ந்து விழுந்தான்.

"டேய், ஆர்டர் போச்சு, ஃபெயில்!" என்றார் அண்ணன்.

"அரே, தேங்கா ஓடுதுண்ணே! விட்டுடவா?"

"தொடச் சொன்னா கட்டிப் புடிக்கிறான் பாரு!"

நான் பாஸ்.

சௌல்தாரி மைதானத்தில் ஃபைனல். சேறு. முதல் பந்து வலப்பக்கம், பாய்ந்து தட்டினேன். அடுத்தது இடப்பக்கம், அதையும் தட்டினேன். "ஷாபாஷ்!" என்று அண்ணன் குதித்தார். ஆட்டம் முடியப்போகிறது, யாருக்கும் கோல் இல்லை. மூன்றாவது பந்து நேராக நெஞ்சுக்கு வந்தது. அழகாக அணைத்துப் பிடித்தேன். பிடித்த கையோடு, முகத்தைத் திருப்பாமல், பின்னோக்கி ஓடினேன். முதுகில் வலை உரசியபோதுதான் நின்றேன்.

"அரே, இவன் ரிவர்ஸ் கியர்ல போறான்டா!" என்று யாரோ கத்த, மைதானமே சிரித்தது. செல்வம் அண்ணன் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். பீமல் மட்டும் அருகில் வந்து, "டைமிங் சூப்பர், தோஸ்த்," என்றான்.

புரோத்ராபூர் மைதானத்தில் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள். அந்தத் தென்னைகளும் இல்லை. அண்ணனிடம் லாரி இல்லை. அன்றிலிருந்து என்னை 'ரிவர்ஸ்' என்றே கூப்பிட்ட பீமலும் வேலை தேடி மெயின்லேண்ட் போய்விட்டான். தேர்வுக்கு வைத்த தேங்காய்களை அன்றே உடைத்துத் தின்றுவிட்டோம், அதில் நஷ்டமில்லை. ஆகமொத்தம் எங்களுக்கு ஆன செலவு: ஒரு கோல், ஒரு கப்பல்.