டோஸ் காகிதம்

யுத்த காலத்தில் திண்டிவனத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சீசா கழுவும் வேலை எனக்கு. நாலாம் வகுப்பு படித்தவள் என்பதால் கத்தரிக்கோலும் கொடுத்திருந்தார்கள். மிக்சர் ஊற்றிய சீசாவின் பக்கத்தில், ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதம் ஒன்றை ஒட்டுவார்கள். எழுத்துத் தெரியாதவர்களும் வேளைக்கு ஒரு பல் இறங்குகிற அளவு குடித்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரி சீசாவுக்கு ஆறு பல். அந்தக் காகிதங்களை முன்கூட்டியே வெட்டி டப்பாவில் அடுக்கிவைப்பேன்.

கம்பவுண்டர் வேலை பழக வந்தவர்களை வாரம் ஒரு நாள் ஜட்கா வண்டியில் ஒலக்கூர்ப் பக்கம் அழைத்துப் போவார்கள். சீசா கழுவ நானும் கூடப் போவேன். கிராமத்தில் வேலை பார்க்கப் போகிறவர்கள் கிராமத்தில்தான் பழக வேண்டும் என்பது பெரிய கம்பவுண்டரின் கட்டளை. அங்கே ஜனங்கள் வீட்டிலிருந்து சீசா கொண்டுவருவார்கள். எண்ணெய் சீசா, சாராய சீசா, ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. அதனால் அவர் ஒவ்வொரு முறையும் சொல்வார்: "மருந்த ஊத்து. அது நிக்கிற ஒசரத்துக்குக் காகிதத்த மடி. அப்புறம் வெட்டு. டப்பாக் காகிதத்தத் தொடாத."

அந்த வருஷம் பழக வந்தவர்களில் ஒருவருக்கு மருந்து அளப்பதில் கை சுத்தம். பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. அன்று கூட்டம் அதிகம், ஊரெல்லாம் வயிற்றுப்போக்கு. பெரிய கம்பவுண்டர் ஊசி போடும் இடத்தில் இருந்தார். கேப்பைக் கொல்லையிலிருந்து நேராக வந்த ஒரு அம்மாள், இரண்டு வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு, அகலமான விளக்கெண்ணெய் சீசாவை நீட்டினாள். பழக வந்த இவர் அபினிச் சத்துச் சேர்ந்த மிக்சரைக் குழந்தைக்கு ஆறு வேளை அளந்து ஊற்றினார். என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார். நானும் டப்பாவிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். ஒட்டிவிட்டார்.

மருந்து மூன்றாவது பல்லுக்கு மேல் ஏறவில்லை. நான் பார்த்தேன். ஆறு வேளை மருந்து மூன்று வேளையில் தீரும், வேளைக்கு இரண்டு மடங்கு அபினி குழந்தைக்குள் போகும் என்று எனக்குத் தெரிந்தது. சொல்ல வாய் எடுத்தேன். ஆண்கள் நிற்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. அவருக்குத் தெரியாததா என்றும் ஒரு நினைப்பு. அதற்குள் அவள் போய்விட்டாள்.

மறுவாரம் அதே அம்மாள் வந்தாள். தோளில் பையன் இல்லை. எட்டு வயதுப் பெண்ணைக் கையில் பிடித்திருந்தாள். சீசாவில் அடியில் ஒரு பல் மருந்து மிச்சம் இருந்தது. அவள் எங்களைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியாமல் போயிற்று.

"ரெண்டு நாளா துடிச்சிக்கினு கிடந்தது சாமி. உங்க மருந்து உள்ள போனப்புறம் அழுவவே இல்ல. தூங்கிக்கினே போயிடுச்சி," என்றாள். பிறகு சீசாவைக் காட்டி, "இப்ப பெரியவளுக்கும் போவுது. மிச்சத்த இதுக்குக் குடுக்கலாமா?" என்று கேட்டாள்.

போன வாரம் மருந்து ஊற்றியவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அவள் கையிலிருந்து சீசாவைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தேன்.

"இன்னாடி பண்ற? நோவுக்கு நல்லா கேட்ட மருந்துடி அது," என்று அவள் என் கையைப் பிடித்தாள்.

"கெட்டுப்போச்சி யக்கா. புதுசு தருவாரு," என்றேன். அவ்வளவுதான் வந்தது. கெட்டது எது என்று சொல்ல வரவில்லை.

அவர் அதே சீசாவில் வேறு மருந்து ஊற்றினார். காகிதத்தை மருந்தின் உயரத்துக்கு வைத்து மடித்தபோது இரண்டு முறை கிழிந்தது. "போன தபா ஒட்டுனது பெருசா இருந்துச்சே சாமி. இதுல கோடெல்லாம் நெருக்கமா இருக்குதே," என்று அவள் குறைப்பட்டாள். ஊசி போடும் இடத்திலிருந்து பெரிய கம்பவுண்டர் என்ன சத்தம் என்று கேட்டார். சீசா கை தவறிவிட்டது என்றேன். கவனமாக இருக்கக் கூடாதா என்று என்னைத்தான் கடிந்துகொண்டார்.

பையன் போனது நோயாலா மருந்தாலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் பரீட்சையில் தேறி, மயிலத்துக்கு அப்பால் ஏதோ ஒரு கிராமத்துக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த வாரம் ஜட்கா புறப்பட்டபோது, அந்த அம்மாளின் பெண் பிழைத்தாளா என்று பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன்.