இரட்டைக் கதவில் ஓடிய கொடி

மாமாவின் மெசின் எங்கள் ஒழுங்கைக்குள் நுழைந்த அன்று, அதை இறக்க வந்தவர்களைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். சாய்ந்தமருதில் அதுவரை யாரும் அப்படியொன்றைப் பார்த்ததில்லை. லொறியிலிருந்து இறங்கும்போது அது ஒரு பெரிய இரும்புக் கட்டிலைப் போலத்தான் இருந்தது.

"இதுல ஆரு படுக்கிற?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார்.

"மரம்" என்றார் மாமா.

மாமா, உம்மாவின் தம்பி. கட்டாரில் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் பல வருடம் இருந்துவிட்டு, அங்கே தான் ஓட்டிய மெசினைப் போலவே ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருந்தார். கம்பியூட்டரில் ஒரு படத்தைப் போட்டுவிட்டால் போதும். மெசினின் நடுவில் தொங்குகிற, சுழன்று வெட்டும் பிட் தானாகவே இறங்கி, தானாகவே நகர்ந்து, அந்தப் படத்தை மரத்தில் குடைந்துவிடும்.

எனக்கு அப்போது பத்து வயது. மாமா முதன்முதலாக அதை ஓட்டியபோது கொட்டிலுக்கு வெளியே சனம் குவிந்து நின்றது. நான் சொந்தக்காரி என்ற உரிமையில் உள்ளே நின்றேன். மாமா ஒரு பட்டனை அழுத்திவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார். யாருமே தொடாமல் அந்தப் பிட் பலகைக்குள் இறங்கி, மரத்தூளை மழையாகத் தூவிக்கொண்டு, வளைந்து திரும்பி ஒரு ரோசாப்பூவை வெட்டியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தலையெல்லாம் தூளோடு வீட்டுக்கு ஓடிப்போய், கண்டதை ஒரே மூச்சில் வாப்பாவிடம் சொன்னேன். அவர் உளி தீட்டிக்கொண்டிருந்தார். "ம்" என்றார்.

வாப்பாவின் தொழிலும் அதுதான் என்பதை அந்த உற்சாகத்தில் நான் மறந்துவிட்டேன். எங்களூரில் அதைப் பதிப்பு வேலை என்பார்கள். தேக்கில் ஒரு பூவின் வடிவத்தை உளியால் குடைய வேண்டும். அதே வடிவத்தில் மஞ்சள் பலாவையோ கறுத்த கருங்காலியையோ மெல்லிய வாளால் அறுத்து அந்தக் குழிக்குள் இறுக்கிப் பொருத்த வேண்டும். பொருத்தித் தேய்த்த பிறகு கையால் தடவினால் ஒரே மரம்; கண்ணால் பார்த்தால்தான் இரண்டு. கல்முனையிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் கல்யாண அலுமாரிக்கும் கட்டிலுக்கும் வாப்பாவைத் தேடித்தான் வருவார்கள்.

மெசின் வந்த முதல் வெள்ளிக்கிழமை, பகல் சாப்பாட்டில் எல்லாம் கெட்டது. மாமா நல்ல சந்தோசத்தில் இருந்தார்.

"மச்சான், நீங்க ஒரு மாசம் குந்தியிருந்து செய்யிற வேலய நான் ஒரு பகலுக்குள்ள முடிச்சிருவன். இனி அந்த உளியெல்லாம் கட்டி வெச்சிட்டு என்னோட வாங்க."

அவர் அழைத்தது கடைசி வார்த்தைகளில். வாப்பாவின் காதில் விழுந்தது முதல் வார்த்தைகள் மட்டும். அவர் பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

"உன்ட மெசின நீயே வெச்சிக்க. என்ட கை எனக்குப் போதும்."

அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை. வாப்பாவின் கொட்டில் எங்கள் வளவிலும் மாமாவின் கொட்டில் அடுத்த வளவிலும் இருந்தன. நடுவில் ஒரு தகர வேலி. அந்தப் பக்கம் மெசின் அலறும்; இந்தப் பக்கம் உளி தட்டும். உம்மா நடுவிலே குசினியில் நின்று இரண்டு பக்கத்துக்கும் தேத்தண்ணி ஊற்றி என்னிடம் கொடுத்தனுப்புவார்.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் பள்ளிவாசலில் புது மிம்பர் கட்டினார்கள். வெள்ளிக்கிழமைகளில் மௌலவி ஏறி நின்று குத்பா என்ற பிரசங்கத்தை ஓதுகிற அந்த மேடையின் முன்னால் ஓர் இரட்டைக் கதவு வரும். அதில் பதிப்பு வேலை வேண்டும் என்று முடிவானதும் வாப்பாவும் போய்க் கேட்டார், மாமாவும் போய்க் கேட்டார். பள்ளித் தலைவராக இருந்த ஹாஜியார் இரண்டு பேரையும் பகைக்க விரும்பாத மனிதர்.

"ஆளுக்கொரு கதவு" என்று சொல்லிவிட்டார். "நோன்புக்கு முதல் தந்திரணும். ஆர்ட கதவு நல்லா வருதோ அவருக்குத்தான் பள்ளிட மத்த மரவேலயெல்லாம்."

ஊர் இரண்டாகப் பிரிந்தது. தேத்தண்ணிக் கடையில் அதே கதை, மீன் சந்தையில் அதே கதை. குர்ஆன் ஓதப் போகும் இடத்தில் பொடியன்மாரெல்லாம் மெசின் பக்கம் நின்றார்கள். வாப்பாவின் கையால் செய்த கட்டில் வீட்டில் இருந்த பிள்ளைகள் கை பக்கம். நான் இரண்டு பக்கமும் என்றேன். அப்படியொரு பக்கம் கிடையாது என்றார்கள்.

வீட்டில் உம்மாவின் முகம்தான் சரியில்லை. இதில் யார் தோற்றாலும் அவர் மற்றவரின் வாசலை இனி மிதிக்கமாட்டார் என்று பக்கத்து வீட்டு மாமியிடம் உம்மா சொன்னது என் காதில் விழுந்தது. தோற்பவர் ஒன்று புருசன், இல்லாவிட்டால் தம்பி.

உம்மாவுக்கு ஒரு கைவேலை தெரியும். கல்யாணத்துக்கு முன்பு மருதமுனையில் சாரி நெய்கிறவர்களுக்குக் கரை வரைந்து கொடுத்தவர். கல்யாணத்துக்குப் பிறகு வாப்பாவின் பூக்களெல்லாம் அவர் வரைந்தவைதான். உளி பிடித்தால் அசையாத வாப்பாவின் கை பென்சில் பிடித்தால் கோணும். அதனால் அந்த முறையும் வாப்பா ஒரு பிரவுன் பேப்பரைக் கதவின் அளவுக்கு வெட்டிக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தார். "ஒரு கொடி கீறித் தாங்க. நல்ல கொடியா" என்றார்.

அடுத்த நாள், வாப்பா அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போன நேரத்தில், பின்வாசலால் மாமா வந்தார்.

"ராத்தா, ஒரு உதவி. கம்பியூட்டர்ல கிடக்கிறதெல்லாம் ரோசாப்பூவும் மயிலும்தான். பள்ளிக்கு மயில் போடேலுமா?"

"போடு. மௌலவி மிம்பர்ல ஏறமாட்டாரு, உன்னத் தேடி வருவாரு."

"பகிடி பண்ணாதீங்க ராத்தா. ஒண்டு கீறித் தாங்களன். மச்சானுக்குச் செல்லப்படாது."

உம்மா மேசையில் கிடந்த வாப்பாவின் பேப்பரை ஒருமுறை பார்த்துவிட்டு, "பேப்பர வெச்சிட்டுப் போ" என்றார்.

அன்று மாலை உம்மா இரண்டு பேப்பர்களையும் தரையில் விளிம்போடு விளிம்பு சேர்த்துப் போட்டுவிட்டு நடுவில் முழங்காலில் இருந்தார். ஒரே கொடி. வாப்பாவின் பேப்பரின் அடியில் முளைத்து, வளைந்து ஏறி, விளிம்பைத் தாண்டி மாமாவின் பேப்பருக்குள் போய், மேலே படர்ந்தது. தாண்டுகிற இடத்தில் ஒரு பெரிய பூ. அதன் பாதி இதழ்கள் அங்கே, பாதி இங்கே.

"ரெண்டு பேருக்கும் ஒரே கொடியா உம்மா?"

"ஓம். வாய மூடிக்கிட்டு இரி."

"ஏன்?"

"ஆளுக்கொரு பூவக் குடுத்தா, ஆர்ட பூ நல்லமெண்டு சண்ட புடிப்பாங்க. பாதிப் பாதிப் பூவக் குடுத்தா என்ன செய்வாங்க எண்டு பாப்பம்."

மாமாவின் பாதியை ஓதுகிற பைக்குள் சுருட்டி வைத்து வேலியைச் சுற்றிக்கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். இந்த ஊரில் எனக்கும் உம்மாவுக்கும் மட்டும் தெரிந்த ஒரு விசயம்! ஓதும்போதும் சாப்பிடும்போதும் அது தொண்டைவரை வந்து வந்து திரும்பும்.

மாமா உம்மாவின் படத்தைக் கம்பியூட்டருக்குள் ஏற்றி மெசினை ஓட்டினார். ஒரு பகலுக்குள் குழிகள் எல்லாம் வெட்டப்பட்டுவிட்டன. பதிக்க வேண்டிய துண்டுகளையும் மெசினே அறுத்துத் தந்தது. ஆனால் ஓர் இலைகூடக் குழிக்குள் இறங்கவில்லை. பிட் உருண்டையானது. அது வெட்டுகிற மூலையும் உருண்டையாகத்தான் வரும். உம்மா வரைந்த இலைகளோ ஊசிபோல நுனி கூர்ந்தவை. கூரான இலை உருண்டைக் குழிக்குள் எப்படிப் போகும்?

மாமா மறுபடியும் பின்வாசலுக்கு வந்தார். "ராத்தா, நுனியக் கொஞ்சம் உருட்டிக் கீறித் தாங்க. கட்டார்ல எல்லாரும் அப்புடித்தான் செய்யிற."

"ஏலா" என்றார் உம்மா. "இலைக்கு நுனி கூராத்தான் இரிக்கும்."

அவர் ஏன் அவ்வளவு கறாராக நின்றார் என்பது எனக்குத் தெரியும். வாப்பாவின் பக்கத்து இலைகள் ஏற்கெனவே கூராக வெட்டப்பட்டுவிட்டன. மாமாவுக்கு அது தெரியாது. அவர் முணுமுணுத்துக்கொண்டு போனார்.

அடுத்த நாள் காலையில் மெசின் சத்தம் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து டொக், டொக், டொக் என்று கேட்டது. வாப்பா தன் கையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்.

"என்ன மகள், அந்த மெசின் இப்ப உளி புடிக்கப் பழகிட்டா?"

நான் சிரித்துவிட்டேன். பல நாட்களுக்குப் பிறகு வாப்பாவும் சிரித்தார். ஆனாலும் அவர் காது அந்தப் பக்கமே இருந்தது. கொஞ்ச நேரத்தில் முகம் சுளித்தார்.

"தடிச்ச உளியால வெட்டுறான். இல நுனி உடையப் போகுது."

பிறகு பெட்டியைத் திறந்து, தன்னுடைய உளிகளிலேயே மெல்லியதை எடுத்து, அதன் முனையை ஒருமுறை தீட்டி என்னிடம் நீட்டினார்.

"மாமாட்டக் குடு. நான் தந்ததெண்டு செல்லாத. உம்மாட அலுமாரிக்குப் பின்னால கிடந்திச்சிண்டு செல்லு."

அப்படியே சொன்னேன். மாமா உளியைக் கையில் வாங்கி, தேய்ந்து பளபளத்த அதன் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல அலுமாரி" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு வந்த டொக் டொக் மெதுவாக, மெலிசாகக் கேட்டது.

மிம்பரில் கதவு பொருத்துகிற நாள் வந்தது. பள்ளியின் உள்பக்கத்துக்கு எங்களூரில் பெண்கள் போவதில்லை. ஓதப் போகிற என்னைப்போன்ற சின்னப் பிள்ளைகள் போகலாம். உம்மா என் முக்காட்டைச் சரிசெய்து, "நல்லாப் பாத்துக்கிட்டு வா" என்று அனுப்பினார்.

வாப்பாவின் கதவு ஒரு படங்குத் துணியிலும் மாமாவின் கதவு ஒரு கட்டார்ப் போர்வையிலும் சுற்றப்பட்டு வந்தன. இருவரும் ஆளுக்கொரு தூணோடு நின்றார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு வருகிற அளவு சனம். மிம்பரைக் கட்டிய ஆசாரி முதலில் ஒன்றைப் பொருத்தினார், பிறகு மற்றதை. இரண்டும் திறந்து கிடந்ததால் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும்: ஒரு நூல் அளவு பிசகினாலும் பூ இரண்டாகிவிடும்.

"மூடுங்க பாப்பம்" என்றார் ஹாஜியார்.

ஆசாரி இரண்டையும் சேர்த்து மூடினார். கொடி இந்தப் பக்கத்தில் முளைத்து, ஏறி, நடுக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கத்தில் படர்ந்தது. நடுவில் முழுப்பூ, மஞ்சளாக, ஓர் இதழ்கூட விலகாமல். நான் இருந்த இடத்திலேயே குதித்தேன். "மாஷா அல்லாஹ்" என்று பலர் ஒன்றாகச் சொன்னது கூரையில் பட்டுத் திரும்பியது.

ஒரு பெரியவர் முன்னால் வந்து வலப்பக்கக் கதவைத் தடவினார். "கைவேலைண்டா கைவேலதான். மெசினுக்கு இது வருமா?" என்றார். அவர் தடவியது மாமாவின் கதவு. யாரும் அவரைத் திருத்தவில்லை.

வாப்பாவும் மாமாவும் அந்தப் பூவையே பார்த்தார்கள். அதை வரைந்த கை யாருடையது என்று இரண்டு பேருக்கும் தெரியும். முதலில் வாப்பாதான் திரும்பினார். "நீயும் போய்க் கேட்டியா?" என்றார். அதுதான் அத்தனை நாளுக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு. மாமா தலையைச் சொறிந்தார். பிறகு இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள், பள்ளிக்குள் சிரிக்கக் கூடாத அளவுக்கு.

"என்ன சிரிப்பு?" என்று ஹாஜியார் கேட்டார்.

"ஒண்டுமில்ல ஹாஜியார். வீட்டுக் கத" என்றார் வாப்பா.

ஹாஜியாருக்கும் பெரிய நிம்மதி. "இதுல ஆர்ட நல்லமெண்டு நான் எப்புடிச் செல்ற? மத்த வேலயெல்லாம் ரெண்டு பேருமாச் சேந்து செய்ங்க" என்று முடித்துவிட்டார். யாரோ மாமாவின் போனை வாங்கி இருவரையும் கதவுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள்.

நான் வீடுவரை ஓடினேன். உம்மா கேற்றடியில் நின்றுகொண்டிருந்தார். "நடுவுல சேந்திச்சா?" என்று கேட்டார். "சேந்திச்சி, சேந்திச்சி" என்று சொல்லிவிட்டு, ஆசை ஆசையாக மற்றதையெல்லாம் கொட்டினேன்: வாப்பா பேசியது, மாமா தலையைச் சொறிந்தது, அந்தப் பெரியவர் மெசின் வேலையைத் தடவிக்கொண்டு நின்றது. உம்மா சிரித்துக்கொண்டே கேட்டார். இடையிடையே, "பூ? பூ எப்புடி வந்திரிக்கி?" என்றார். "வடிவா வந்திரிக்கி உம்மா" என்று நான் அடுத்த கதைக்குத் தாவினேன்.

வாப்பாவும் மாமாவும் ஒன்றாக வீட்டுக்கு வந்தார்கள். அன்று பகல் ஒரே சவான் தட்டில் சேர்ந்திருந்து சாப்பிட்டார்கள், அடுத்த வேலையைப் பற்றியே பேசிக்கொண்டு. உம்மா பரிமாறிவிட்டு மாமாவின் போனை வாங்கிப் பார்த்தார். படத்தில் இருவரும் தோளில் தோள் இடிக்க, கதவின் சரிநடுவில் நின்று பல் தெரியச் சிரித்தார்கள். இந்தப் பக்கம் கொஞ்சம் இலை, அந்தப் பக்கம் கொஞ்சம் இலை. பூ அவர்களின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. உம்மா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார், போனைச் சாய்த்தார், மறுபடியும் நிமிர்த்தினார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வெலகி நிண்டா என்ன?" என்றார்.

வாப்பாவும் மாமாவும் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இத்தனை நாளும் இந்த இரண்டு பேரையும் ஒன்றாக நிறுத்துவதற்காகப் பாடுபட்டவர், அவர்கள் ஒன்றாக நின்றதும் விலகி நிற்கச் சொல்கிறாரே, இந்த உம்மாவுக்கு என்னதான் வேண்டும் என்று எனக்கு விளங்கவேயில்லை.