முன்கையில் வைத்த மருதாணிப் பொட்டுகள்

அவளுடைய வலது முன்கையில், முழங்கையிலிருந்து மணிக்கட்டை நோக்கி வரிசையாக மருதாணிப் பொட்டுகள் இருந்தன. பின்னால் உள்ளவை மங்கி, முன்னால் உள்ளது மட்டும் நன்றாகச் சிவந்திருக்கும். இணுவில் கோயிலில் ஓர் அம்மா அதைப் பார்த்து, "பிள்ளை, உது என்ன நேர்த்திக்கடன்?" என்று கேட்டாராம். "கை திரும்பி வர வேணுமெண்டு அம்மா" என்று இவளும் கூசாமல் சொல்லிவிட்டு வந்தாள். இப்போது அவள் வேறு ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிப்பிக்கிறாள். எங்கள் கணிதத்துறையில் என் எதிர்மேசையில் அவள் இருந்த காலத்தை நினைத்தால், அவள் முகத்துக்கு முந்தி அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது.

நாங்கள் சேர்ந்து செய்த ஆராய்ச்சி நரம்புக் கலத்துக்குள் நடக்கும் போக்குவரத்தைப் பற்றியது. முதுகுத்தண்டிலிருந்து விரல்வரை நீளும் நரம்பிழைக்கு வேண்டிய பொருட்கள் பெரும்பாலும் அதன் வேர்ப்பக்கத்திலேயே உருவாகின்றன. கண்ணுக்குத் தெரியாத மோட்டார்ப் புரதங்கள் அவற்றைச் சுமந்து நடக்கின்றன. ஒரு வகை நுனிக்கு இழுக்கும், இன்னொரு வகை வேருக்கு இழுக்கும். இரண்டும் ஒரே சுமையைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டும். சுமை எப்போது நுனிக்குப் போய்ச் சேரும் என்பதே எங்கள் சமன்பாடு.

அப்படியிருக்க, கோப்பாயில் அவளுடைய ஸ்கூட்டி சறுக்கி, ஒரு வீட்டு வாசலின் தகரப் படலை விளிம்பு முழங்கையைக் கிழித்தது. நரம்பு அறுந்துவிட்டது. டொக்டர் தைத்துவிட்டார். வெட்டுப்பட்ட இடத்திலிருந்து நரம்பிழை நாளுக்குக் கடுகளவு வளரும், ஆனால் கைத்தசை வற்றிப்போவதற்குள் அது போய்ச் சேராவிட்டால் விரல்கள் பழையபடி வராது என்றார். முன்கையைத் தட்டிப் பார்த்தால், வளரும் நுனி இருக்கும் இடத்தில் மின்சாரம் அடித்ததுபோல் சுண்டுவிரல் விறுவிறுக்கும். அங்கே பேனையால் வைத்த புள்ளி குளிக்க அழிந்துபோனதால்தான் மருதாணிக்கு மாறினாள்.

பொட்டுகள் முன்கையின் நடுவில் நின்றுவிட்டன. பெருவிரலுக்குப் பக்கத்துச் சதை குழிந்துகொண்டு வந்தது.

"போன மாசம் வைச்ச பொட்டிலைதான் நிக்குது, அக்கா. நகரேல்லை."

"எங்கடை கணக்கைப் பாரும். மெதுவா எண்டாலும் போய்ச் சேருது தானே" என்று திரையில் ஏறிக்கொண்டிருந்த சராசரிக் கோட்டைக் காட்டினேன்.

"கூட்டமாப் பார்த்தால் போய்ச் சேருமெண்டு எனக்கும் தெரியும். என்ரை கை கூட்டமில்லை, அக்கா. ஒண்டுதான்."

சராசரியை எடுத்துவிட்டு, சுமைகளை ஒவ்வொன்றாகத் திரையில் ஓடவிட்டேன். ஒன்று நேரே போனது. ஒன்று பின்னுக்கு வந்தது. ஒன்று பாதி வழியில் அசையாமல் நின்றே கிடந்தது. எழும்பித் தேத்தண்ணி போடலாம் என்று நினைக்கும்போது, அது ஒரு காரணமும் இல்லாமல் நடக்கத் தொடங்கியது. அவள் சிரித்தாள்.

"நிண்டது நிண்டபடியே கிடக்கிறதும் இருக்குது, என்ன?" என்று பிறகு கேட்டாள்.

"ஓம், இருக்குது."

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் தலையாட்டிவிட்டு, நிற்கும் சுமைகளையும் கட்டுரையில் காட்டத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். இடது கையால் தானே அந்தப் பகுதியைத் தட்டச்சு செய்தாள். அவளுக்காக நான் பயந்த அளவுக்கு அவள் பயப்படவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கொஞ்சக் காலத்தில் பொட்டுகள் மறுபடி நகர்ந்து மணிக்கட்டைத் தாண்டின. விரல்கள் மட்டும் சும்மா இருந்தன. ஒவ்வொரு முறையும் டொக்டர் சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் ஒரு தாளை வைத்து, இறுக்கிப் பிடிக்கச் சொல்லி இழுப்பார். அது வழுக்கிக்கொண்டு வந்துவிடும். எங்கள் துறை அறையிலும் அவள் சும்மா இருக்கும்போதெல்லாம் அந்த விரல்களுக்குள் ஏதாவது தாளைச் செருகி வைத்திருப்பாள்.

ஒரு மழைநாள் காலை, வகுப்புக்குப் பிந்திவிட்ட அவசரத்தில், அவள் விரல்களுக்குள் செருகியிருந்த என் பாடக்குறிப்புத் தாளைக் கேட்காமலே உருவினேன். வரவில்லை. எரிச்சலோடு வெடுக்கென்று இழுத்தேன். தாள் கிழிந்து பாதி என் கையில் வந்தது.

மற்றப் பாதி அவள் விரல்களுக்கு இடையில் இருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இழுங்கோ அக்கா" என்றாள் அவள், அந்தக் கையை என் பக்கம் நீட்டி. "இன்னொருக்கா இழுங்கோ."